நம்ம ஊர்ப் பள்ளிக் கெண்டீன் சாப்பாடு: அப்போதா, இப்போதா?

பழைய மங்கு · திங்கள், இரவு 9.10

போன சனிக்கிழமை பேரனின் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. ஓட்டம் முடிந்ததும் பசி என்றான், கெண்டீனுக்குக் கூட்டிப் போனேன். பிளாஸ்டிக் தட்டில் வெள்ளைச் சோறு, மேலே மூன்று நக்கெட், ஓரத்தில் தக்காளி சோஸ், பக்கத்தில் ஒரு கப் சிவப்பு சிரப் தண்ணி. மூன்று வெள்ளி (ரிங்கிட்). பையன் நக்கெட்டை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை அப்படியே வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

நான் படித்தது அறுபதுகளின் கடைசியில், மலேசியாவில் இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில். (புதுப் பெயர் பெஸ்தாரி ஜெயா இன்னும் என் வாயில் வரவில்லை, மன்னிக்கவும்.) தோட்டத்துப் பள்ளிக் கெண்டீன் என்றால் நாலு கம்பம், தகரக் கூரை, விறகடுப்பு, ஒரு பாட்டி. அவ்வளவுதான். விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) மணி அடிக்கும்போதே பாட்டி எழுந்து தேங்காய் துருவத் தொடங்கிவிடும். நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு) பொட்டலம் 10 காசு. உள்ளே வாழையிலை, வெளியே பழைய பேப்பர். பிரித்தால் இலை வாடிய வாசனை முதலில் வரும், அப்புறம் சம்பல், அப்புறம்தான் சோறு கண்ணில் படும். நெத்திலி ஆறோ ஏழோ இருக்கும், எண்ணியே தின்போம். வெள்ளிக்கிழமை பச்சைப்பயறு கஞ்சி. நீல விளிம்பு போட்ட எனாமல் மங்கில் ஊற்றிக் கொடுக்கும், மங்கு சுடுமே என்று சட்டை நுனியால் பிடித்துக் குடிப்போம்.

கெமிக்கல் இல்லை, டப்பா இல்லை, பிரிட்ஜ் இல்லை. இன்றைக்கு ரோடு இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது, அரசாங்கம் காசு கொடுக்கிறது. எல்லாம் இருந்தும் பிள்ளைகள் தட்டில் ஏன் மாவில் முக்கிய கோழித் தூள்? யாராவது பதில் சொல்லுங்கள்.


செம்பனைத்தம்பி · திங்கள், இரவு 9.31

ஐயா, பேப்பர் மசி சோற்றில் ஒட்டியிருக்குமே, அதையும் சேர்த்துத்தானே சாப்பிட்டீர்கள்? அப்புறம் கெமிக்கல் இல்லை என்கிறீர்கள் 😄

எண்ணெயில் பொரித்த நக்கெட் மேல் ஏன் கோபம்? இந்த நாட்டில் வியாபாரத்துக்கு என்று முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டதே 1917-இல் நம்ம பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு வருடத்துக்கு மேல் எண்ணெய்க்கு நடுவில் குடியிருந்துவிட்டு நக்கெட்டை அவித்தா தின்பது?


லயத்துப்பையன் · திங்கள், இரவு 10.48

பழைய மங்கு ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதிவு படிக்கும்போது எனக்கும் வாய் ஊறியது. ஆனால் அதே காலத்தில் அதே மாதிரி ஒரு தோட்டத்துப் பள்ளியில் என் மூத்த அக்கா படித்தது. அதனிடம் போன் போட்டுக் கேட்டேன். “கெண்டீனில் என்னக்கா விற்றார்கள்?” என்றேன். “எனக்கு எப்படித் தெரியும், நான் அந்தப் பக்கமே போனதில்லையே” என்றது.

ஓய்வு மணி அடித்தால் அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் பைப்படிக்குப் போவார்களாம். தண்ணி குடித்துவிட்டு அங்கேயே கல்லாங்காய் ஆடுவார்களாம். கெண்டீன் பக்கம் போனால் வாசனை வரும், வாசனை வந்தால் பசி கூடும். அதனால் போகமாட்டார்கள். அக்கா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னது.

எங்கள் அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, அடுத்த வருடத்திலிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று ஆனது ஐயாவுக்கு நினைவிருக்கும். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள்கூட இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்பா கப்பல் ஏறவில்லை, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நிரந்தர வேலையும் இல்லை. அம்மா வெட்டுக்குப் போகும் காசில் ஆறு வயிறு. காலையில் கோப்பித் தண்ணியும் முதல் நாள் மரவள்ளியும்தான் பசியாற. அதற்கு மேல் 10 காசு எங்கிருந்து வரும்?

உங்கள் பாட்டியின் நாசி லெமாக் நன்றாக இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. வகுப்பில் எத்தனை பேர் தினமும் வாங்கித் தின்றார்கள் என்பதுதான் என் கேள்வி. இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் அப்பா தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார்?


பழைய மங்கு · திங்கள், இரவு 11.05

கஷ்டம் இருந்தது, யார் இல்லை என்றது? நான் வறுமையை மெச்சவில்லை. இருந்த சாப்பாடு சாப்பாடாக இருந்தது என்கிறேன். கையில் காசில்லாத பிள்ளைக்குக் கஞ்சி ஒரு கரண்டி ஊற்றிவிடும் அந்தப் பாட்டி, அதையும் பார்த்திருக்கிறேன். பேச்சு கெண்டீனைப் பற்றி. என் அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்?


கெண்டீன் அக்கா · செவ்வாய், மதியம் 2.20

மத்தியானம்தான் எனக்கு மூச்சு விட நேரம், இப்போதுதான் படித்தேன். இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஆறு வருடமாகக் கெண்டீன் நடத்துகிறேன். ஐயா பார்த்தது என் கெண்டீனா வேறு ஒன்றா தெரியாது. என்னுடையதாகவே வைத்துக்கொள்வோம், பதில் ஒன்றுதான்.

என் பள்ளியில் பிள்ளைகள் 82. அதாவது 150-க்குக் கீழே, குறைந்த மாணவர் பள்ளி. அதில் பாதிக்கு மேல் இலவச உணவுத் திட்டத்தில் இருக்கிறார்கள். மீதிப் பேரில் வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் போக என்னிடம் காசு கொடுத்து வாங்குவது இருபது, இருபத்தைந்து பேர். ஒரு தட்டு 1.50 வெள்ளி. ஏற்றினால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் என் தலைதான் உருளும். (ஐயா கொடுத்த மூன்று வெள்ளி போட்டி நாள் விலை.) 25 தட்டு போட்டால் 37.50 வெள்ளி. அதில் அரிசி, கோழி, எண்ணெய், உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம், கெண்டீன் வாடகை. அந்த 2.50 வெள்ளி மானியப் பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்குத்தான், நான் வியாபாரத்துக்கு எடுக்க முடியாது. டின் எண்ணெய்தான். இலவச உணவுத் திட்டம் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ அடுப்பை அணைத்துவிட்டு நாசி லெமாக்கை ரோட்டோரத்தில் விற்கப் போயிருப்பேன். எனக்கு முன்னால் இருந்தவர் அதைத்தான் செய்தார்.

அப்புறம் நேரம். ஓய்வு 20 நிமிடம். மணி அடித்து, வரிசையில் வந்து, கை கழுவி, தட்டு வாங்கி உட்காரவே முதல் பிள்ளைக்கு நாலு நிமிடம். கடைசியில் நிற்கும் முதலாம் ஆண்டுக் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? முள் எடுத்து மீன் தின்ன முடியுமா? நக்கெட் என்றால் நடந்துகொண்டே தின்றுவிடும். நக்கெட் ஏன் வந்தது என்று கேட்டீர்களே, பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதியும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் ஐயா மாதிரி ஒரு வேகம் வந்தது. புதன்கிழமை சோறு, பருப்பு, கீரைப் பிரட்டல், அவித்த முட்டை என்று போட்டேன். சிரப்பை நிறுத்திவிட்டு எலுமிச்சைத் தண்ணி, சீனி குறைவு. முதல் புதன் முட்டை போனது, சோறு பாதி போனது. மிச்சம் பிடிக்கும் வாளியில் கீரை பச்சையாக மிதந்ததை நின்று பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு ஆய்ந்த கீரை அது. மூன்றாவது புதன் விற்றது ஒன்பது தட்டு. நாலாவது புதனுக்கு நான் தயாராக இல்லை.

பாட்டி காலத்தில் பிள்ளைக்கு வேறு எதுவும் கிடையாது, அதனால் பாட்டி போட்டதைத் தின்றது. இன்றைக்கு பள்ளி விட்டதும் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதில் பொரித்த சொசேஜ், கலர் ஐஸ். அவனுக்கு வாடகை கிடையாது.


ரவாங் மருமகள் · செவ்வாய், மாலை 6.02

கெண்டீன் அக்காவின் கணக்கு புரிகிறது. ஆனால் எல்லாரும் கோழியைப் பற்றியே பேசுகிறீர்கள், சைவப் பிள்ளைகளுக்கு என்ன வழி? என் மகன் பள்ளியில் புரட்டாசி மாதம்கூட மீஹூனைக் (அரிசி நூடுல்ஸ்) கிளறினால் நெத்திலி தலை வருகிறது. கேட்டால் “எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்” என்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலேயே இப்படி.

அதனால் நானே கட்டிக் கொடுக்கிறேன். தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தோசையில் உருளைக்கிழங்கு சுருட்டி. டப்பா காலியாக வருகிறது என்று ஒரு மாதம் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, என் எலுமிச்சைச் சோறு தினமும் பக்கத்துப் பையனிடம் போகிறது, அவனுடைய சொசேஜ் இங்கே வருகிறது. சைவப் பிள்ளை! மாமியார் காதுக்கு இது போகவில்லை, இங்கே யாரும் சொல்லிவிடாதீர்கள்.


கெண்டீன் அக்கா · செவ்வாய், மாலை 6.40

நெத்திலி விஷயத்தில் அந்தக் கெண்டீன் செய்தது தப்பு தங்கச்சி. நான் வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் தனிச் சட்டி வைக்கிறேன். ஒரு சட்டி கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதானே. பண்டமாற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை, என் மகளும் அதே வியாபாரம்தான்.


கிளினிக் சிஸ்டர் · செவ்வாய், இரவு 9.55

இருபது வருடமாக அரசு கிளினிக் வேலை. அதில் பல வருடம் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளை எடை போட்டு உயரம் அளந்த அனுபவம் உண்டு. அம்மா தோட்டத்து மருந்தகத்தில் ஆயாவாக இருந்தவர், அதனால் இரண்டு காலத்துக் கதையும் என்னிடம் இருக்கிறது.

அம்மா சொல்வது: அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளை என்றால் வயிறு முன்னால், கை கால் குச்சி. செருப்பில்லாமல் நடந்து புழு, புழுவால் ரத்தக் குறைவு. வகுப்பில் தூங்கி விழுகிறது என்று வாத்தியார் அடித்த பிள்ளையைப் பிறகு மருந்தகத்துக்குக் கொண்டுவருவார்களாம். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்குமாம். நாசி லெமாக் ருசியாகத்தான் இருந்திருக்கும் ஐயா. அந்தப் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தும் புரதமும் வேண்டியிருந்தது. ஏழு நெத்திலியில் எவ்வளவு கிடைக்கும்?

இப்போதுள்ள நிலை இன்னும் குழப்பம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் அளவுக்கு மேல் எடை அல்லது உடல் பருமன். பத்துக்கு மூன்று. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 21.8 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு), சில சமயம் ஒரே வீட்டிலேயே, இரண்டையும் பார்க்கிறேன். அண்ணன் குண்டு, தங்கச்சி குட்டை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மாவும் சீனியும் எண்ணெயும் மலிவு, மீனும் முட்டையும் காயும் விலை.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. 2011-இலேயே பள்ளிக் கெண்டீனுக்கு என்று சுகாதார அமைச்சின் வழிகாட்டி வந்துவிட்டது. காற்றடைத்த பானமும் மிட்டாயும் கெண்டீனில் விற்கக் கூடாது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காயும் பழமும் என்று “சுக்கு சுக்கு செபாரோ” படம் எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. படத்துக்கு நேர் கீழேயே நக்கெட் விற்பதையும் பார்த்திருக்கிறேன். கெண்டீன் அக்கா, உங்களைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன். நக்கெட்டை விடுங்கள், அந்தச் சிரப்பை முதலில் நிறுத்துங்கள். கலக்கும்போது ஜாடிக்கு எத்தனை கரண்டி சீனி என்று நீங்களே ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.


பழைய மங்கு · செவ்வாய், இரவு 10.30

அப்பாடா, சிஸ்டர் பாதியாவது என் பக்கம்.

ஆனால் 20 நிமிடத்தில் தின்ன முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்களும் அதே மாதிரி கொஞ்ச நேரத்தில்தான் தின்றோம், தின்றுவிட்டு ஒரு ஆட்டம் கோலியும் ஆடினோம். பிள்ளை கீரை தின்னவில்லை என்றால் மூன்று வாரத்தில் கைவிடுவதா? நான் வாத்தியார் வேலை பார்த்தவன். வாய்ப்பாடு மூன்று வாரத்தில் வரவில்லை என்று விட்டிருந்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கே தெரியாது.


செம்பனைத்தம்பி · செவ்வாய், இரவு 10.52

ஐயா வாத்தியாரா! இனிமேல் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எழுந்து நின்று ஒரு கதை சொல்கிறேன். நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, பள்ளி பெயர் வேண்டாம், கெண்டீனில் வீட்டுச் சமையல்தான். நக்கெட் எல்லாம் இல்லை. அந்த அம்மா இரவே மீஹூன் பிரட்டிப் பெரிய அண்டாவில் மூடி வைத்துவிடுவார். காலை பத்து மணிக்கு நாங்கள் தின்போம். ஒரு நாள் கொஞ்சம் பிசுபிசு என்று இருந்தது, கிச்சாப் (சோயா சோஸ்) கூடிவிட்டது போல என்று நினைத்தோம். பதினொன்றரைக்குக் கணக்குப் பாடத்தில் முதல் ஆள் வாந்தி. அப்புறம் வரிசையாக. வேன் பற்றாமல் தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லோரியில் செம்பனைக் குலை ஏற்றிய வாடை வேறு. நன்றாக இருந்தவனும் அந்த வாடையில் வாந்தி எடுத்தான்.

அன்றிலிருந்து “வீட்டுச் சமையல்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்த லோரிதான் ஞாபகம் வரும்.


கிளினிக் சிஸ்டர் · செவ்வாய், இரவு 11.10

சமைத்த சோறும் மீஹூனும் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகக் கிடந்தால் நடப்பது இதுதான். அதில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 2009-இல் வந்த உணவுத் தூய்மை விதிகளில் சமையல் ஆட்களுக்குப் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம். பாட்டி காலத்தில் இது எதுவும் இல்லை. ஆனால் பாட்டி விடியற்காலை சமைத்துக் காலையிலேயே விற்று முடித்துவிடும், மிச்சமே இருக்காது. அந்தச் சுத்தம் பாட்டிக்குச் சட்டம் இல்லாமலே இருந்தது. ஐயாவுக்கு இந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம்.


லயத்துப்பையன் · புதன், இரவு 8.15

கெண்டீன் அக்கா இலவச உணவுத் திட்டத்தைச் சொன்னதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்தத் துணை உணவுத் திட்டம் 1979-இல் நாடு முழுக்க வந்தது. நான் முதலாம் ஆண்டு சேர்ந்தது 1981-இல். அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. மீஹூன், சில நாள் சோறும் சார்டினும், சில நாள் ரொட்டியும் முட்டையும். 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்த பிறகு பாலும்.

சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால் ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பது பெயர்ப் பட்டியல். ஓய்வுக்கு முன்னால் வகுப்பு வாசலில் நின்று வாசிப்பார்கள். பெயர் வந்தவன் எழுந்து தனி வரிசையில் போக வேண்டும். தனி மேசை. தட்டும் வேறு கலர், எங்களுக்கு ஆரஞ்சு. ஆரஞ்சுத் தட்டு என்றால் ஏழை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றாம் ஆண்டில் நான் ஒரு தந்திரம் செய்தேன். ஓய்வு நேரத்தில் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். பட்டினிதான், ஆனால் ஆரஞ்சுத் தட்டு இல்லை. இரண்டு வாரம் ஓடியது. நூலக ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. மறுநாளிலிருந்து பெயர் வாசிப்பது நின்றது. என்னையும் வேறு இரண்டு பேரையும் கூப்பிட்டு, கெண்டீனிலிருந்து தட்டுகளை மேசைக்குத் தூக்கி வரும் வேலை கொடுத்தார். வேலை செய்தவன் சாப்பிடுகிறான், அதில் என்ன வெட்கம்? நான் மீஹூனின் ருசியைப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

2022 வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 2.50 வெள்ளியாக இருந்ததைத் தீபகற்பத்தில் 3.50 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு தட்டு என்ன கலர் என்றும் கேளுங்கள். கெண்டீன் அக்கா, உங்கள் பள்ளியில் எப்படி?


கெண்டீன் அக்கா · புதன், இரவு 8.41

ஒரே தட்டு தம்பி. ஒரே வரிசை. நான் மட்டும் பெயரைக் குறித்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாது என்று நினைக்கிறேன்.


செம்பனைத்தம்பி · புதன், இரவு 8.50

வாத்தியார் ஐயா, அப்பா வேலை பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வருகைப் பதிவில் சிவப்பு மையா போடட்டுமா?


மன்ற நடத்துநர் · புதன், இரவு 9.02

தனிப்பட்ட குடும்ப விவரம் கேட்டு வற்புறுத்த வேண்டாம். பெரியவர் விரும்பினால் சொல்வார்.


பழைய மங்கு · வியாழன், காலை 6.20

ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்வதற்கு என்ன, என் அப்பா கிராணி. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. எங்களுக்கு லயம் இல்லை, தனி வீடு. காலையில் பசியாறிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன், அதற்கு மேல் அம்மா 10 காசு கொடுக்கும். தினமும்.

லயத்துப்பையன் கேட்ட கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு என் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். முப்பது பேருக்கு மேல் இருந்தோம். கெண்டீன் பெஞ்சு என்று யோசித்தால் ஐந்து முகம்தான் வருகிறது: மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) மகன், டிரைவர் பிள்ளைகள் இரண்டு பேர், கடைக்காரர் மகள், நான். மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக யோசிக்கிறேன். பைப்படியில் இருந்திருப்பார்கள். உங்கள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அதற்காக நக்கெட்டைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள். மாட்டேன். காசில்லாத பிள்ளைக்கும் இன்றைக்குத் தட்டு கிடைக்கிறது, அது பெரிய விஷயம். அந்தத் தட்டில் பாட்டி கை பக்குவம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?


கெண்டீன் அக்கா · வியாழன், மதியம் 1.55

ஐயா, சண்டை போட்டது போதும். அந்தப் பச்சைப்பயறு கஞ்சி எப்படி வைப்பார்கள் என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். நானும் போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் “பேஸ்ட் மாதிரி இருக்கு” என்றார்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சைவச் சட்டி. நாற்பது கிண்ணத்துக்கு வைத்துப் பார்க்கிறேன். சிஸ்டர் சொன்னபடி சிரப்பும் நாளைக்குக் கிடையாது. ஜாடிக்குச் சீனி எண்ணினேன், எண்ணிக்கையை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.


பழைய மங்கு · வியாழன், மதியம் 2.30

பேஸ்ட் ஆனதற்குக் காரணம் பயறை ராத்திரி ஊறவைத்திருப்பீர்கள். பாட்டி ஊறவைக்காது. வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்கும், கருகக் கூடாது. அப்புறம் கழுவி, தண்ணி தாராளமாக விட்டு, பாண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளும். பயறு பிளந்து வாயைத் திறந்ததும் குலா மெலாக்கா (பனைவகை வெல்லம்). இஞ்சி ஒரு துண்டு, தட்டிப் போடும். தேங்காய்ப் பால் கடைசியில், அடுப்பை இறக்கிய பிறகு. கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். உப்பு ஒரு சிட்டிகை. அதை மறந்தால் எல்லாம் வீண்.

சவ்வரிசி போட்டுக் கெட்டியாக்குவார்கள் சிலர். பாட்டி போடாது.


ரவாங் மருமகள் · வியாழன், மாலை 5.10

வறுக்க வேண்டுமா! பன்னிரண்டு வருடமாக ஊறவைத்துக்கொண்டிருக்கிறேன்.


கெண்டீன் அக்கா · வெள்ளி, மதியம் 2.05

கணக்கு: நாற்பது கிண்ணம் வைத்தேன். முப்பத்தொன்று போனது. அதில் எட்டு பாதி குடித்துத் திரும்பியது, இஞ்சி வாயில் கடிபட்டதாம். அடுத்த வாரம் தட்டிப் போடாமல் சாறு பிழிந்து ஊற்றப் போகிறேன், பாட்டி மன்னிக்கட்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மூன்று தடவை வந்தது, அதனால் முப்பத்தொன்று என்பது உண்மையில் இருபத்தொன்பது பேர். மிச்சத்தை ஆசிரியர்கள் குடித்துவிட்டார்கள்.

ஐயா, ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த மூன்றாம் ஆண்டுப் பையன்தானே உங்கள் பேரன்? அப்படியென்றால் நீங்கள் பார்த்தது என் கெண்டீனேதான். தாத்தா சொன்ன கஞ்சி என்று சொல்லி நானே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இன்னைக்கு நக்கெட் இல்லையா?” என்றான்.